குன்னூர் எலிகளும் உங்க ஹாஸ்டல் மெனுவும்!

குன்னூர் பஸ் ஸ்டாண்ட். காலை ஆறரை மணி. மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்த பஸ், ஒரு பெருமூச்சு விட்டு நிற்கிறது. ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு இறங்குறீங்க. முதல் வேலை என்ன? வேறென்ன... சூடா ஒரு டீ, ரெண்டு வர்க்கி! வர்க்கியை டீயில் முக்கி, அது உடைந்து கிளாஸுக்குள் விழுவதற்குள் வாய்க்குள் தள்ளுவது ஒரு தனிக் கலை. நீலகிரிக்காரர்கள் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் பாதி வர்க்கியை டீக்குள் ஸ்பூன் போட்டுத் தேட வேண்டியதுதான்!

மைதா, டால்டா, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மெனுவை, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், இதே குன்னூரில் ஒருத்தர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அறுபதாவது நாள் வாக்கில் அந்த எலிகள் என்ன செய்தன தெரியுமா?

இருங்க... முதல்ல டீயைக் குடிச்சு முடிங்க. அப்புறம் சொல்றேன்.

ஒற்றை ரூம் லேப்!

சிம்ஸ் பூங்காவுக்கு காலேஜ் டூர் போனவங்களுக்கு, பக்கத்திலேயே இருக்கும் பழைய கட்டடங்கள் கண்ணில் பட்டிருக்கும். பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். 1907ல் ஆரம்பித்தது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரிக்கத்தான் முதலில் தொடங்கினார்கள். உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. 'நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி'ன்னு ஒரு பயங்கரக் கதை சொல்வார். அந்தப் பழைய ஊசி மருந்து எதிலிருந்து தயாரானது தெரியுமா? ஆட்டு மூளையிலிருந்து! நரம்புத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய், சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கி, பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டது. 2000களின் நடுவில் இந்தியாவில் அதற்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போ போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் மருந்து. கையில்தான் ஊசி, பயப்படாதீங்க.

இந்த பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில்தான் 1918ல் ஒரே ஒரு ரூமைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். அதற்கு முன் கில்கிட் பக்கத்து மலைகளில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்த மக்கள் திடகாத்திரமாக இருந்ததும், கீழே சமவெளியில் பார்த்தவர்கள் அப்படி இல்லாததும் அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 'சாப்பாட்டிலா இருக்கு விஷயம்?'

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பெரி-பெரி நோயை ஆராய்வது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் கைவிடும். அன்றைய சென்னை மாகாணத்தில், குறிப்பாக ஆந்திரக் கடலோரத்தில், பலரைப் படுக்கையில் தள்ளிய நோய். அந்த ஒற்றை ரூம்தான் 1928ல் முழு அளவிலான ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆமாம், இந்தியா என்ன சாப்பிட வேண்டும் என்று இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற அந்தப் பெரிய நிறுவனத்தின் பிறந்த ஊர் நம்ம குன்னூர்!

அறுபதாவது நாள்...

மெக்காரிசன் எலிகளை வாங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை, ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு சீக்கியர் சாப்பாடு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய், கீரை, எப்போதாவது கொஞ்சம் கறி. இன்னொரு கூட்டத்துக்கு பட்டாணியர் சாப்பாடு, அடுத்ததற்கு மராட்டியர், கூர்க்கா, கன்னடம், வங்காளம், மதராஸ் என்று போனது வரிசை. ரிசல்ட்? முதல் ரேங்க் சீக்கியர் சாப்பாடு. கடைசி பெஞ்ச்... சாரி பாஸ், நம்ம மதராஸ்!

கோபப்படாதீங்க, அதற்கு அப்புறம் வர்றேன்.

இன்னொரு சோதனையில் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பாடு. வெள்ளை பிரட், மார்கரின், மலிவு ஜாம், வேகவைத்த முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, டின்னில் அடைத்த கறி, கொஞ்சமாகப் பாலும் ஏகப்பட்ட சர்க்கரையும் போட்ட டீ. இதற்கு எதிரில் ஒப்பிட்டுப் பார்க்க சீக்கியர் சாப்பாடு. ரெண்டும் ஒரே வயசு எலிகள், ஒரே ஊர்க் குளிர்.

சீக்கியர் சாப்பாடு எலிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உரசி நிம்மதியாக வளர்ந்தன. டீ-பிரட் எலிகள்? சரியாக வளரவில்லை. முடி கலைந்துபோனது. படபடவென்று இருந்தன, தீனி போட வந்த ஆளைக் கடித்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. அறுபதாவது நாள் வாக்கில், கூட்டத்தில் நோஞ்சானாக இருந்தவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்தன! மூன்று எலிகள் காலியான பிறகு மிச்சத்தைத் தனித்தனியாகப் பிரித்து அடைக்க வேண்டியதாயிற்று.

இப்போ உங்க ஹாஸ்டலை நினைச்சுப் பாருங்க. காலையில் பிரட்-ஜாம். பதினோரு மணிக்கு டீ, பன். மதியம் மெஸ் சாதத்தில் பாதியைக் கொட்டிவிட்டு சாயங்காலம் பஃப்ஸ். ராத்திரி பத்தரைக்கு நூடுல்ஸ். மூன்றாவது மாடி ரூம்மேட் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறான்னா, அவன் ராசி சரியில்லை என்று மட்டும் முடிவு பண்ணிடாதீங்க.

சரி, சீரியஸா ஒரு விஷயம். எலி மனுஷன் இல்லை. ஒரு கூண்டில் நடந்ததை வைத்து 'பிரட் சாப்பிட்டா கொலைகாரன் ஆயிடுவான்' என்று சொல்ல முடியாது. அந்த ரேங்க் லிஸ்ட்டிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. எந்த இனம் பட்டாளத்துக்கு லாயக்கு, எது லாயக்கில்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த ஆட்சி அது. 'வடக்கத்தியான் பலசாலி, தெற்கத்தியான் நோஞ்சான்' என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தவர்களுக்கு இந்த எலிகள் வசதியாகப் போய்விட்டன. நிஜத்தில் மதராஸ் கூண்டில் தோற்றது அரிசி இல்லை... வறுமை! பாலும் பருப்பும் கீரையும் இல்லாமல், தீட்டிய அரிசியை மட்டும் வயிறு முட்டத் தின்ன வேண்டிய நிலைமைதான் அங்கே தோற்றது.

புழுங்கல் அரிசிக்கு ஒரு விசில்!

அரிசியை மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து பி1 சத்தும் போய்விடுகிறது. தயாமின் என்று பெயர். நரம்பும் மூளையும் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்க இது கட்டாயம் வேண்டும். உங்க மூளை எடையில் உடம்பின் 2 சதவிகிதம்தான், ஆனால் சாப்பிடுவது மொத்தச் சக்தியில் 20 சதவிகிதம். அவ்வளவு பெரிய அடுப்புக்கு தயாமின் என்ற தீக்குச்சி இல்லை என்றால் என்ன ஆகும்?

மெக்காரிசனுக்குப் பிறகு 1935லிருந்து 1945 வரை குன்னூர் கூடத்தை நடத்திய வாலஸ் அய்க்ராய்ட், இந்த அரிசிச் சிக்கலைப் பிரித்து மேய்ந்தார். நெல்லை ஊறவைத்து அவித்துக் காய வைக்கும்போது, தவிட்டில் இருக்கிற பி1 அரிசி மணிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன, தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட பகுதிகள் மாட்டிக்கொண்டன. 'பாட்டி, இந்தக் கொட்டை அரிசி வேணாம்'னு தட்டைத் தள்ளியிருப்பீங்களே... அது அவங்களை அறியாமலே உங்க நரம்புகளைக் காப்பாத்திட்டிருந்த சமாச்சாரம்!

அய்க்ராய்ட் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். இந்திய உணவு ஒவ்வொன்றிலும் என்ன சத்து, எவ்வளவு என்று 1937ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ராகி, சாமை, முருங்கைக்கீரை எல்லாம் அதில்தான் மார்க் ஷீட்டோடு வந்து நின்றன. தேயிலை வருவதற்கு முன்னால் நீலகிரியில் படுகர் நிலங்களில் விளைந்ததும் இதே ராகி, சாமைதான். இன்றைக்கு அந்தச் சரிவெல்லாம் பச்சைக் கம்பளமாக டீ.

'பெரி-பெரி எல்லாம் பழைய கதை, இப்ப யாருக்கு வருது?' என்று கேட்கிறீங்களா? அதே பி1 பற்றாக்குறை இன்றைக்கும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கு. வேறு வாசல் வழியாக. சரக்கு வாசல்!

தொடர்ந்து குடிக்கிறவர்களுக்குச் சாப்பாடு குறைகிறது. சாப்பிட்டதிலும் பி1 குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஒரு கட்டத்தில் கண் அலைபாயும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். அப்போதே ஊசி மூலம் பி1 ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம். 'போதை, தெளிஞ்சா சரியாப் போயிடும்' என்று திண்ணையில் படுக்க வைத்துவிட்டால் அடுத்த கட்டம்... கோர்சகோவ் நோய். 1887ல் ரஷ்ய டாக்டர் கோர்சகோவ் விவரித்தது. பழசு ஓரளவு ஞாபகம் இருக்கும், ஆனால் புதுசாக எதுவும் பதியாது. காலையில் வந்து பார்த்துவிட்டுப்போன மகளை மத்தியானம் 'இப்பத்தான் வர்றியா?' என்பார். நடுவில் விழும் ஓட்டையை, நடக்காத கதைகளால் மூளையே நிரப்பிக்கொள்ளும். பொய் சொல்வது இல்லை, அவருக்கு அதுதான் நிஜம். நாற்பது, ஐம்பது வயசிலேயே இது வரலாம்.

எஸ்டேட் லைன்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சம்பள நாள் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இருபது வயசுல எதுக்கு பாஸ் டிமென்ஷியா பேச்சு?

நியாயமான கேள்வி. மறதி நோய் என்றாலே எழுபது வயசு ஞாபகம்தான் வரும். ஆனால் எழுபதில் தெரிவது, இருபதிலிருந்தே எழுதப்படுகிற பரீட்சையின் ரிசல்ட்.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024ல் ஒரு கணக்கு போட்டது. உலகில் வரும் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவிகிதத்தை, 14 காரணங்களைச் சரிசெய்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. பள்ளிப் படிப்பு குறைவு, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, தலைக்காயம், பிபி, சுகர், புகை, குடி, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத கண் பார்வை. அவ்வளவுதான் லிஸ்ட். எதிலும் வாயில் நுழையாத பெயர் இல்லை, கவனிச்சீங்களா? மிச்சம் பாதிக்கு மேல் வயசு, மரபணு என்று நம் கையில் இல்லாத சமாச்சாரம். அதனால் 'நல்லா இருந்தவருக்கு ஏன் வந்தது' என்று யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீங்க.

இதில் பிபி, சுகர், கொழுப்பு எல்லாம் நாற்பதுக்கு மேல் பேசலாம். உங்க வயசுக்கு அவசரமானது மூணுதான் என்பேன்.

ஒண்ணு, தலை. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. வீக் எண்ட் ஆனால் பைக் கும்பல். செகண்ட் கியருக்குக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது, ஏறி வரும் வண்டிக்கு வழி விடாமல் வளைவில் உள்ளே புகுவது... உள்ளூர் டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஹெல்மெட் ஹேண்டில் பாரில் தொங்கும், செக்போஸ்ட் வந்தால் மட்டும் தலைக்கு ஏறும்! உயிர் பிழைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். பலமாக அடிபட்ட மூளை, பல வருஷம் கழித்து வரும் மறதி நோய்க்கும் கதவைத் திறந்து வைக்கிறது. இருபத்தைந்து வயசு வாக்கில் வரைக்கும் மூளையின் முன்பகுதி இன்னும் கட்டுமான வேலையில்தான் இருக்கு. அவசரம், ஆபத்து, பின்விளைவு என்று கணக்குப் பார்க்கிற பகுதியே அதுதான். காலேஜ் வயசில் ஏன் எல்லோருக்கும் கல்லட்டி இவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று புரிகிறதா?

ரெண்டு, காது. லான்செட் கணக்கில் காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும்தான் ஆளுக்கு 7 சதவிகிதம், லிஸ்ட்டிலேயே அதிகம். காதுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? கேட்காத மூளைக்கு வேலை குறைகிறது. பாதி கேட்டதை யூகிக்கவே மூளை சக்தியைச் செலவழிக்கிறது. கடைசியில் 'எதுக்கு வம்பு' என்று பேச்சிலிருந்தே மனுஷர் ஒதுங்கிவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு, 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால்? வெறும் 4 மணி நேரம்! கோவை - ஊட்டி பஸ்ஸில் ஹாரன் சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வால்யூமை ஏத்தினால், ஒரு தடவை போய் வருவதற்குள் வாரக் கோட்டா காலி. டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிற அப்பா, மாமாவைக் கேளுங்க. சிடிசி மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர் ஏன் டிவியை அலற விடுகிறார் என்று தெரியும்.

மூணாவது தூக்கம். இங்கேதான் நம்ம ஊர்ச் சரக்கு, அதாவது டீ, உள்ளே வருது. நாள் முழுக்க மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் இருக்கையில் போய் உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வரும். டீயில் இருக்கும் கஃபீன் என்ன செய்கிறது? ஜன்னல் வழியா கர்ச்சீஃப் போட்டு அந்த சீட்டைப் பிடித்துவிடுகிறது! அடினோசின் நின்றுகொண்டே பயணம் செய்யும். தூக்கம் ஒழியவில்லை, காத்திருக்கு, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணி டீயின் பாதி, மூணு மணிக்கும் உங்க மண்டையில் டியூட்டி பார்க்கும். டீயில் தியானின் என்று இன்னொரு சமாச்சாரம் இருக்கு. 1949ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். காபியின் படபடப்பு டீயில் ஏன் கொஞ்சம் குறைவு என்பதற்கு அதைத்தான் காட்டுகிறார்கள். அதற்காக எக்ஸாம் முந்தின நாள் எட்டு டீ அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. படித்தது மூளையில் கெட்டிப்படுவதே தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது, சேவ் பண்ணாமல் கம்ப்யூட்டரை ஆஃப் செய்கிற மாதிரி.

பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2021ல் வந்தது. ஐம்பது, அறுபது வயசில் தினம் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா அபாயம் சுமார் 30 சதவிகிதம் அதிகம். உங்க அப்பாவுக்கு அந்த வயசு வந்துட்டுது. உங்களுக்கும் வரும்.

ஸ்கூல் போகாத பாட்டியின் மூணு பாஷை

லிஸ்ட்டில் முதலில் இருந்ததைக் கவனிச்சீங்களா? 'பள்ளிப் படிப்பு குறைவு.' சின்ன வயசில் படிப்பு மூளையில் ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கிறது. வயசான காலத்தில் நோய் எடுக்க ஆரம்பித்தாலும், இருப்பு அதிகம் உள்ளவர் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பார்.

இந்தியாவில் 60 வயசைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 5.8 சதவிகிதம், பெண்களில் 9. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. 'கிராமத்து ஆள், சுத்தமான காத்து, உழைச்ச உடம்பு, மறதியே வராது' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கதையை இந்த நம்பர்கள் கவிழ்த்துப் போடுது. உழைத்த உடம்புதான். ஆனால் சிலேட்டைப் பிடுங்கி, முதுகில் கூடையை மாட்டிவிட்ட உடம்பு.

நீலகிரியில் இதை யோசிங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை தரத்தான் 1968ல் அரசு தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, தொடங்கப்பட்டது. கோத்தகிரி, கூடலூர், கொளப்பள்ளி என்று பரவிய அந்த லைன்களில் எத்தனையோ பெண்கள் பத்து, பன்னிரண்டு வயசில் கொழுந்து பறிக்கப் போனவர்கள். அவர்களுடைய பேத்திதான் இன்றைக்கு ஊட்டி அரசுக் கல்லூரியிலோ கோவையிலோ டிகிரி படிக்கிறாள். இந்தப் பக்கத்தைப் படிப்பதும் அவளாக இருக்கலாம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ரெண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரே மொழி பேசுகிறவர்களைவிடச் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாகத்தான் நோய் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது! அதாவது பள்ளிக்கூடம் கொடுக்காத சேமிப்பில் ஒரு பங்கை, சந்தையும் பக்கத்து வீடும் கொடுத்திருக்கு.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்று காதைத் தீட்டுங்க. தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் பேச்சு. ஒரே பாட்டி காய்கறிக் கடையில் மலையாளத்தில் பேரம் பேசி, கண்டக்டரிடம் தமிழில் சண்டை போட்டு, பக்கத்து சீட்டு அம்மாவிடம் கன்னடத்தில் குசலம் விசாரிப்பார். அந்த ஒவ்வொரு தாவலிலும் மூளை ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுக்கிறது. மூணாவது, நாலாவது மொழிக்கு எக்ஸ்ட்ரா மார்க் கிடைத்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ரெண்டே போதும். அதனால் வீட்டில் படுகு பேசுகிறவர்கள், ஹாஸ்டலில் யாராவது கிண்டல் பண்ணினால் பேச்சை மாத்தாதீங்க. அந்த ரெண்டாவது மொழியைத்தான் மத்தவங்க காசு கொடுத்து கிளாஸ் போய்க் கத்துக்கறாங்க!

காலியாகும் லைன்

பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை என்று இறங்கிவிட்டார்கள். நீங்களும்தான். தோட்டத்தில் இருந்தவரை பாட்டிக்குக் காலையில் பெரட்டுக் களம், பகல் முழுக்கக் கூட்டமாகக் கொழுந்து, பேச்சு, பாட்டு, சண்டை. ரிட்டயர்மென்ட் ஆனதும் அந்தச் சத்தம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. தோட்டத்து வீட்டையும் விட வேண்டி வந்தால் அக்கம்பக்கமும் போச்சு. லான்செட் கணக்கில் தனிமைக்கு 5 சதவிகிதம். சுகரைவிட அதிகம்!

'வயசானா மறதி சகஜம்தானே?' சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம். சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது சகஜம் இல்லை. முப்பது வருஷம் நடந்த தேயிலைப் பாதையில் வழி தவறுவது, சாதத்தை வடித்துவிட்டு மறுபடி உலை வைப்பது, 'என் நகையை மருமக எடுத்துட்டா' என்று திடீரெனப் பழி போடுவது, விளக்கு வைத்த பிறகு மட்டும் குழம்புவது... இதெல்லாம் டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள். இப்படி ஆரம்பித்ததைக் குணக்கோளாறு என்று நினைத்து எத்தனை வீடுகளில் மாமியார் - மருமகள் பேச்சே நின்று போயிருக்கு! பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு போன்றவையும் இதே வேஷம் போட்டு வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அதனால்தான் சீக்கிரம் காட்டச் சொல்வது. மலைக்காரர்களுக்கு இப்போ ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. முதியோருக்கான இலவச உதவி எண் 14567, மனநல உதவிக்கு 14416.

காது கேட்காத தாத்தாவுக்கு மெஷின் வாங்கிக் கொடுப்பது வீண் செலவு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்க. அமெரிக்காவில் 2023ல் முடிவு வந்த ஒரு சோதனையில், காது மெஷின் மொத்தக் கூட்டத்துக்குப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் பிபி, இதயக் கோளாறு என்று ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம், மூன்று வருஷத்தில் நினைவாற்றல் தேய்வதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. பின்லாந்திலும் 60 முதல் 77 வயசு வரை உள்ள 1,260 பேரை வைத்து ரெண்டு வருஷம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015ல் வந்தது. நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிபி-சுகர் கண்காணிப்பு நாலும் சேர்ந்தபோது, வெறும் ஆலோசனை கேட்டவர்களைவிட இவர்களின் மூளைத் திறன் மேலாக இருந்தது. தனியாக ஒரு மாத்திரையோ, ஞாபகசக்தி லேகியமோ அந்தப் பட்டியலில் கிடையாது. லேகியக் கம்பெனிக்காரங்க மன்னிக்கணும்!

குன்னூர் கூடத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருத்தர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன். பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநர் ஆனவர். இந்தியக் குழந்தைகளின் சத்துக்குறைவைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதினார். 2019ல் மறைந்தபோது அவருக்கு வயசு 100. என்ன சாப்பிட்டார் என்று கேட்டு வர்க்கிக் கடையை மூடிடாதீங்க! வர்க்கி ஊருக்குப் போகும்போது சாப்பிடுகிற பண்டமாக இருக்கிறவரை ஒரு பிரச்னையும் இல்லை, தினசரி டிபனாக ஆகிறபோதுதான் மெக்காரிசனின் கூண்டு ஞாபகம் வருது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்க இல்ல? 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போறாங்க. பாட்டியோட சீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னாலயோ சாமி படத்துக்குக் கீழயோ இருக்கும். எடுத்து, கடைசியா என்ன எண் எழுதியிருக்குன்னு பாருங்க. மாத்திரையை நிறுத்திட்டாங்களான்னு பேச்சோடு பேச்சா விசாரிங்க. 'தலை சுத்தல் இல்ல, அதான் விட்டுட்டேன்'னு சொல்வாங்க. பிபிக்கு அறிகுறியே இருக்காதுன்னு அவங்க பாஷையிலேயே சொல்லிட்டு, கையோடு உங்க கையையும் நீட்டி ஒரு தடவை பாத்துடுங்க.